சர்க்கரையும் சார்ந்திருத்தலும்

இரண்டாம் வகை நீரிழிவு எப்படி உண்டாகிறது என்பதில் மருத்துவ உலகுக்குள் இன்று பெரிய சச்சரவு எதுவும் இல்லை. கணையம் சுரக்கும் இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் சரிவரப் பணியாமல் போகின்றன. இன்சுலின் எதிர்ப்பு எனப்படும் இந்த நிலையை ஈடுகட்ட ஆண்டுக்கணக்கில் மிகையாகச் சுரந்த கணையம் ஒரு கட்டத்தில் ஓய்ந்துபோக, இரத்தத்தில் சர்க்கரை தேங்கத் தொடங்குகிறது. பரம்பரை, இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, உடலுழைப்புக் குறைவு, மாவுச்சத்து மிகுந்த சாப்பாடு என அதன் காரணங்களும் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்தவையே. ஆயினும் சிகிச்சை அளிப்பவர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் புதிர் ஒன்று இந்த விளக்கத்துக்குள் அடங்குவதில்லை. ஒத்த வயதும் ஒத்த எடையும் கொண்டு, ஒரே மாத்திரையையும் ஒரே உணவுத் திட்டத்தையும் பெற்றுச் செல்லும் இருவரில் ஒருவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட, மற்றவருக்கு ஆண்டுகள் கடந்தும் வராமலே இருக்கிறது. அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு, நோயாளி யாரோடு வாழ்கிறார், எவற்றை வெளியே சொல்கிறார், எவற்றை உள்ளேயே புதைத்துக்கொள்கிறார், உதவி தேவைப்படும் நேரத்தில் யாரிடம் போய்க் கேட்கிறார் அல்லது கேட்காமலே இருந்துவிடுகிறார் என்பவற்றைச் சார்ந்தது என்று கடந்த கால் நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டிவருகின்றன.

தமிழ்நாட்டுக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தி அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பின் முடிவுகள் 2023இல் வெளியானபோது, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பது தெரிந்தது. வயது வந்தோரில் நாடு முழுமைக்குமான விகிதம் 11.4 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடாகவும் புதுச்சேரியில் 26.3 விழுக்காடாகவும் இருந்தது. இத்தனை வீடுகளுக்குள் புகுந்துவிட்ட ஒரு நோயை, அந்த வீடுகளுக்குள் நடப்பவற்றைப் பாராமல் புரிந்துகொள்ள முடியாது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐந்து பேர்

துயரத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் மிகப் பழையது. நோயாளியின் சிறுநீர் இனிக்கும் என்பதை இந்திய மருத்துவம் மதுமேகம் என்ற பெயரிலேயே பதித்துவைத்துப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னர், அதே உண்மையை ஐரோப்பாவில் எழுதிவைத்த ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ், 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், நெடுநாள் துயரமும் நரம்புகளின் கலக்கமும் இந்நோயைக் கொண்டுவரும் என்று கருதினார். நண்பர்கள் கூடும் இடங்களில் அளவின்றி ஓடிய திராட்சை மதுவின் மீதும் அவர் பழி போட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1849இல் பிரெஞ்சு உடலியலாளர் க்ளாட் பெர்னார்டு, முயலின் மூளையடியில் குறிப்பிட்ட ஓரிடத்தை ஊசியால் குத்தினால் சற்று நேரத்தில் அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதைக் கண்டார். இரத்தச் சர்க்கரையின் மீது நரம்பு மண்டலத்துக்கும் அதிகாரம் உண்டு என்பது அப்போது வெளிப்பட்டது.

அந்த அதிகாரத்தை உணர்ச்சியோடு இணைத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன். கூண்டிலிருக்கும் பூனையின் முன்னால் ஒரு நாய் குரைத்தாலே பூனையின் சிறுநீரில் சர்க்கரை இறங்கிவிடுவதை 1911இல் கண்ட அவர், அடுத்து மனிதர்கள் பக்கம் திரும்பினார். 1913ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதியானதும் பரபரப்பு மிக்கதுமான கால்பந்து ஆட்டம் முடிந்தவுடன், பல்கலைக்கழக அணியைச் சேர்ந்த 25 பேரின் சிறுநீர் சோதிக்கப்பட்டது. 12 பேரிடம் சர்க்கரை இருந்தது. அந்த 12 பேரில் 5 பேர் கடைசி வரை மைதானத்துக்குள் அழைக்கப்படாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள். ஓடியவனுக்குச் சர்க்கரை ஏறியதில் வியப்பு ஒன்றுமில்லை. ஓடுவதற்குத் தசைக்கு எரிபொருள் வேண்டும். எப்போது அழைப்பார்களோ என்று காத்திருந்தவனின் கல்லீரலும் அதே எரிபொருளைக் கொட்டியது என்பதும், அதைச் செலவழிக்க அவனுக்கு ஓர் ஓட்டம்கூடக் கிடைக்கவில்லை என்பதும்தான் இந்தச் சோதனையின் சாரம். அது நீரிழிவு அன்று, பரபரப்பால் வந்த தற்காலிகச் சர்க்கரை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். காத்திருப்பு ஒரு மாலையோடு முடியாமல் ஆண்டுக்கணக்கில் நீண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேனனிடம் விடை இல்லை.

அந்த விடையைப் பிற்காலம் கொடுத்தது. அச்சம், கோபம், அவமானம் ஆகியவற்றின்போது சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் முதலில் அட்ரினலினையும், நெருக்கடி நீடித்தால் கார்டிசாலையும் இரத்தத்தில் சேர்க்கின்றன. கார்டிசால் கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கத் தூண்டுகிறது, தசைகள் இன்சுலினுக்குப் பணிவதைக் குறைக்கிறது, வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேரவும் வழிவகுக்கிறது. அந்தக் கொழுப்போ இன்சுலின் எதிர்ப்பை மேலும் வளர்க்கிறது. இப்படி உடலைக் காப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடே ஓயாமல் இயங்குவதால் உடலைத் தேய்ப்பதை நரம்பியலாளர் புரூஸ் மெக்கீவன் 1990களில் 'அல்லோஸ்டாட்டிக் சுமை' என்று வகுத்தார். சூழலுக்கு ஈடுகொடுத்து ஈடுகொடுத்தே உடல் சேர்த்துக்கொள்ளும் தேய்மானம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். மனக்கவலையின் முதல் பலி உறக்கம் என்பதால் இன்னொரு வழியும் திறக்கிறது. சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டு, 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அந்தச் சில நாட்களுக்குள்ளேயே அவர்களுடைய உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் கண்கூடாகக் குறைந்திருந்தது.

கணவன் மனைவி சண்டைக்கும் இந்த வேதியியலுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரின் குழு சோதித்தது. 43 தம்பதியருக்குக் கொழுப்பு மிகுந்த ஒரே அளவு சாப்பாடு கொடுத்து, அவர்களுக்குள் தீராமல் இருக்கும் மனத்தாங்கல் ஒன்றைப் பேசச் சொல்லி, அடுத்த சில மணி நேரம் அவர்களுடைய உடல் எவ்வளவு ஆற்றலை எரிக்கிறது, எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அளந்தார்கள். முன்பு மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்தவர்களிடம், துணையோடான பேச்சும் பகைமை கலந்ததாக இருந்தபோது, ஆற்றல் எரிவது குறைந்தும் இன்சுலின் சுரப்பு கூடியும் காணப்பட்டது. பழைய காயமும் இன்றைய சண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போதுதான் விளைவு தெரிந்தது என்பதே இங்கே கவனத்துக்குரியது.

இவ்வளவு நுட்பமான சோதனைகளுக்கு முன்பே, உணர்ச்சிக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவை விளக்கப் புறப்பட்ட ஒரு கொள்கை பெருந்தீங்கு செய்துவிட்டுப் போனது. 1930களிலும் 1940களிலும் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சிலர் 'நீரிழிவு ஆளுமை' என்ற ஒன்று உண்டு என்று வாதிட்டார்கள். பிறரைச் சார்ந்திருக்க ஏங்குபவர், முடிவெடுக்கத் தெரியாதவர், உள்ளுக்குள் பகையை வளர்ப்பவர் ஆகியோரே இந்நோய்க்கு ஆளாகிறார்கள் என்பது அவர்களுடைய சித்திரம். நீரிழிவில் இன்சுலினுக்குப் பணிவதும் பணியாததுமாக இரு வகை உண்டு என்பதையே ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் 1936இல்தான் எடுத்துக்காட்டினார் என்னும்போது, இரண்டையும் ஒரே சாக்கில் கட்டி அதற்கு ஒரு குணத்தையும் ஒட்டிய அந்தக் கொள்கை எவ்வளவு ஆட்டங்கண்ட அடித்தளத்தில் நின்றது என்பது விளங்கும். பிற்கால ஒப்பீட்டு ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. ஆனால் 'உன் குணம்தான் உனக்கு இந்த நோயைக் கொண்டுவந்தது' என்ற குற்றச்சாட்டு நோயாளிகளைவிட்டு இன்றும் முழுவதும் நீங்கவில்லை.

கேட்பவரும் கேட்காதவரும்

குணத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, நோயோடு வாழ்வதே ஒருவருக்கு எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று அளக்கத் தொடங்கியபோதுதான் இத்துறை நேர்வழிக்கு வந்தது. பாஸ்டன் நகரின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில் பணியாற்றிய உளவியலாளர் வில்லியம் பொலோன்ஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும் 1995இல் 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 2005இல் அது 17 கேள்விகள் கொண்ட மற்றோர் அளவுகோலாக வளர்ந்தது. நீரிழிவு மனச்சுமை என்று சொல்லத்தக்க ஒன்றை அது நான்கு கூறுகளாகப் பிரித்து அளக்கிறது: நோயே உண்டாக்கும் உணர்ச்சிப் பாரம், மருத்துவரால் வரும் மனக்குறை, உணவு–மாத்திரை ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாத தவிப்பு, வீட்டாரும் நண்பர்களும் புரிந்துகொள்ளவில்லை என்ற ஆற்றாமை. நான்கில் இரண்டு முழுக்க முழுக்க உறவைப் பற்றியவை.

மனச்சோர்வு நோயும் நீரிழிவு மனச்சுமையும் ஒன்றல்ல. முன்னது உலகத்தின் மீதே விருப்பு அற்றுப்போகும் நோய். பின்னது, எத்தனை மாத்திரை விழுங்கினாலும், எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் எண் இறங்கவில்லையே என்று ஒருவர் அடையும் அலுப்பு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற அளவோடு இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த லாரன்ஸ் ஃபிஷரின் குழு, சராசரியோடு சேர்ந்து ஏறி இறங்குவது மனச்சுமையே, மனச்சோர்வு அன்று என்று 2010இல் கண்டறிந்தது. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2013இல் வெளியான 'டான் 2' ஆய்வில், நோயாளிகளில் 44.6 விழுக்காட்டினருக்கு இந்த மனச்சுமை மிகுதியாக இருந்தது. ஏறத்தாழ இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கும் ஒன்றை மனநோய் என்று அழைப்பது பொருந்தாது. நாள் தவறாமல் செய்யவேண்டியதும் விடுமுறையே இல்லாததுமான ஒரு வேலையின் களைப்பு என்று கொள்வதே முறை.

அந்தக் களைப்பை ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதில்தான் உறவுப் பாங்கு உள்ளே வருகிறது. குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையே முதல் சில ஆண்டுகளில் உண்டாகும் நம்பிக்கையோ நம்பிக்கையின்மையோ, 'துன்பம் வந்தால் பிறர் கைகொடுப்பார்களா, நான் உதவிபெறத் தகுந்தவனா' என்ற இரு கேள்விகளுக்கு ஒருவர் வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கும் விடையாக உறைந்துவிடுகிறது என்பது, ஜான் பௌல்பியும் மேரி எய்ன்ஸ்வொர்த்தும் வளர்த்தெடுத்த பிணைப்புக் கோட்பாட்டின் அடிப்படை. பெரியவர்களிடம் இது நான்கு பாங்குகளாகத் தென்படுவதாகப் பிற்கால ஆய்வாளர்கள் வகுத்தனர். தன்னையும் பிறரையும் நம்புபவர் ஒருவர். பிறருடைய ஆதரவுக்காக ஓயாமல் ஏங்கித் தன்னை நம்பாதவர் ஒருவர். நெருங்க விரும்பியும் புண்படுவோம் என்று அஞ்சி விலகுபவர் ஒருவர். தன்னைத் தவிர எவரையும் நம்பாமல், எதையும் தானே பார்த்துக்கொள்வதில் உறுதியாக இருப்பவர் ஒருவர்.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் பால் சீஹனாவ்ஸ்கி, நீரிழிவு நோயாளிகளிடம் இந்தப் பாங்குகளைத் தேடிப் பார்த்தவர். இரு வகை நீரிழிவும் கொண்ட 367 பேரை ஆராய்ந்து 2001இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், நான்காம் பாங்கினரிடம், அதாவது தம்மையன்றி எவரையும் நாடாதவர்களிடம், சர்க்கரைச் சராசரி உயர்ந்திருந்தது. அந்தப் பாங்கினருக்குள்ளேயே, தம் மருத்துவரோடான பேச்சு நன்றாக இல்லை என்று சொன்னவர்களுக்கும் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்களுக்கும் இடையே ஹெச்பிஏ1சி அளவில் ஏறத்தாழ ஒரு புள்ளி வேறுபாடு இருந்ததுதான் அக்கட்டுரையின் உயிர்நாடி. ஒரு புள்ளி என்பது பல மாத்திரைகள் ஒவ்வொன்றும் தனியே முழு அளவில் செய்யக்கூடிய வேலை. எவரையும் நம்பாத ஒருவரிடம் மருத்துவர் காட்டும் பொறுமை, நம்புகிறவரிடம் காட்டும் பொறுமையைவிடக் கூடுதல் பலன் தருகிறது என்று இதைப் படிக்கலாம். ஆனால் நடைமுறையில் நடப்பதோ நேர்மாறானது. கேள்வி கேட்காமல், குறை சொல்லாமல், தலையசைத்துவிட்டு எழுந்து போகும் இத்தகைய நோயாளிகளே கூட்டம் மிகுந்த மருத்துவமனைக்கு மிகவும் வசதியானவர்கள் என்பதால், அவர்களுக்குக் கிடைப்பதும் மிகக் குறைந்த நேரமே.

இதே குழு பின்னர் மனச்சோர்வு இல்லாத 3,535 நீரிழிவு நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, 2010இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கடுமையானது. பிறரை நாடும் இயல்பு உடையவர்களில் ஆயிரத்துக்கு 29 பேர் இறந்திருக்க, நாடும் இயல்பு குறைந்தவர்களில் ஆயிரத்துக்கு 39 பேர் இறந்திருந்தார்கள். உதவி கேட்பது என்பது உயிர் வாழ்வதோடு தொடர்புடைய ஒரு திறன் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்கள் இத்துறையில் குறைவு.

இவை அமெரிக்க நோயாளிகளைப் பற்றியவை; அப்படியே தமிழ்க் குடும்பத்துக்குப் பொருத்திவிடக் கூடாது. யாரிடமும் போய் நிற்கக் கூடாது, நம் கஷ்டம் நம்மோடு என்ற வளர்ப்பு இங்கே ஒருவருடைய தனிப்பட்ட பாங்காக மட்டும் இல்லாமல் மானத்தின் இலக்கணமாகவே போற்றப்படுகிறது. அறுபது வயதுத் தந்தை கால் மரத்துப்போவதைப் பிள்ளையிடம் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைப்பதும், புண் ஆறாமல் செருப்பில் ஈரம் தெரிந்த பிறகே மருத்துவமனைக்குப் போவதும், நீரிழிவுப் பாதநோய்ச் சிகிச்சை அளிப்பவர்களுக்குப் பழகிப்போன வரிசை. நாளைக்குப் பரிசோதனை என்றால் இரண்டு நாள் முன்பிருந்தே சோற்றைக் குறைத்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையை நல்ல எண்ணாகக் கொண்டுபோய்க் காட்டும் வழக்கமும் அதே வகையைச் சேர்ந்தது. 'டாக்டர் திட்டுவார்' என்ற அச்சத்தில் நடக்கும் இந்தச் சின்னஞ்சிறு ஏமாற்றை மூன்று மாதச் சராசரி காட்டிக்கொடுத்துவிடுகிறது, திட்டு இரட்டிப்பாகிறது, அடுத்த முறை நோயாளி வருவதே இல்லை.

இலையில் விழாத பாயசம்

ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் கொண்டுவருபவரிடம் எதிர்வரிசையிலிருந்து மனைவியின் குரல் எழுகிறது: 'அவருக்கு வைக்காதீங்க, அவருக்குச் சுகர்.' வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. பக்கத்து இலைக்காரர், இருக்கிற நோயையெல்லாம் விசாரித்து, பாகற்காய்ச் சாற்றையும் வெந்தயத்தையும் பரிந்துரைக்கிறார். கணவர் புன்னகைத்துக்கொண்டு மோரை வாங்கிக்கொள்கிறார். திரும்பும் வழியில் பேருந்து நிலையத்துக் கடையில் தனியாக நின்று இரண்டு லட்டுகளைச் சாப்பிடுகிறார். மனைவியின் அக்கறையில் பொய் இல்லை, கணவரின் சினத்திலும் பொய் இல்லை.

நோயாளிக்கு உதவவேண்டும் என்ற நல்லெண்ணமே, எண் இறங்காதபோது கண்காணிப்பாகவும், கண்காணிப்பு குற்றச்சாட்டாகவும், குற்றச்சாட்டு எதிர்ப்பாகவும் உருமாறி, கடைசியில் உதவியே நோயை வளர்க்கும் நிலையைப் பார்பரா ஆண்டர்சனும் ஜேம்ஸ் கோய்னும் 1991இல் 'தடம்புரண்ட உதவி' என்ற பொருள்பட விவரித்தார்கள். அவர்கள் அதை எழுதியது நாட்பட்ட நோயுள்ள குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் குறித்து. ஆயினும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள பெரியவர்களிடமும் அதே ஓட்டத்தைப் பார்க்கலாம். லிண்ட்சே மேபெர்ரியும் சந்திரா ஆஸ்போர்னும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டாரின் நச்சரிப்பும் தடங்கலும் மிகுந்த இடத்தில் நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது குறைந்தும், அப்படிக் குறைந்த இடத்தில் சர்க்கரை உயர்ந்தும் இருந்தது. நோயைப் பற்றி நிறையத் தெரிந்த குடும்பத்தினரும் இதற்கு விலக்கல்லர் என்பது, விழிப்புணர்வு முகாம்களை மட்டும் நம்புகிறவர்கள் யோசிக்கவேண்டிய இடம்.

எனினும் நச்சரிப்பு எப்போதும் தீங்கே என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஹுய் லியூவின் குழு, 57 முதல் 85 வயது வரையிலான 1,228 திருமணமானவர்களை ஐந்து ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டு 2016இல் வெளியிட்ட முடிவு, ஆய்வாளர்களையே திகைக்கவைத்தது. மணவாழ்வில் பூசல் கூடிய ஆண்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைந்திருந்தது. வந்தவர்களுக்கும் அது மட்டுப்பட்டிருந்தது. பெண்களுக்கோ, மணவாழ்வு இனிமையாக இருந்தால்தான் வாய்ப்பு குறைந்தது. கணவனின் உடல்நலத்தை மனைவி விடாமல் கண்காணிப்பதும் அதனால் அவனுக்கு எரிச்சல் வருவதும் ஒன்றாகவே நடக்கின்றன என்று ஆய்வாளர்கள் இதை விளக்குகிறார்கள். அந்த விளக்கம் சரியென்றால், ஆண்களின் சர்க்கரை பெண்களின் உழைப்பில் நிற்கிறது. பெண்களின் சர்க்கரைக்கு அத்தகைய காவல் எதுவும் இல்லை.

தமிழ்ச் சமையலறையில் இதை இன்னும் கிட்டத்திலிருந்து பார்க்கலாம். கணவருக்குச் சர்க்கரை என்றால் வீட்டின் இரவுச் சாப்பாடே சப்பாத்திக்கும் கேழ்வரகுக்கும் மாறிவிடுகிறது. மனைவிக்குச் சர்க்கரை என்றால் மாறுவது அவளுடைய தட்டு மட்டும்தான், அதுவும் சில வாரங்களுக்கு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மூன்று மணிக்கு உட்காரும்போது, மீந்த சோற்றைக் கொட்ட மனமில்லாமல் அதையே போட்டுக்கொள்கிறாள். கணையத்தைத் தூண்டிவிடும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்குக் காபி கொடுத்து முடிப்பதற்குள், இட்லி இறங்கவேண்டிய நேரத்தில் சர்க்கரைதான் இறங்குகிறது. கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வர, அவசரத்துக்கு ஒரு பிடி சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறாள். மருந்துச் சீட்டில் 'சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதியவருக்கு, அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று தெரியாது.

டெல்லிப் பெண்களிடையே நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் லெஸ்லி ஜோ வீவர், 'சுகர் அண்ட் டென்ஷன்' என்ற நூலில் இதன் மறுபக்கத்தையும் காட்டுகிறார். குடும்பத்துக்காகத் தம் உணவையும் நடையையும் விட்டுக்கொடுக்கும் பெண்களுக்கு, அந்த விட்டுக்கொடுத்தலே மனநிறைவையும் மதிப்பையும் தருகிறது. உடலுக்குக் கேடாக இருப்பது மனத்துக்கு ஊன்றுகோலாக இருக்கிறது. 'முதலில் உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை இப்பெண்களின் காதில் ஏறாமல் போவதற்கு அறியாமை காரணம் அன்று. அந்த அறிவுரையைக் கடைப்பிடித்தால் அவர்கள் இழக்கக்கூடியது அதிகம்.

உறவு கெடுவது ஒருபுறம் இருக்க, உறவே இல்லாமல் போவதும் தனி ஆபத்து. நார்வேயின் ஹுன்ட் எனப்படும் நெடுங்கால ஆய்வில் 24,024 பேரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்தபோது, தொடக்கத்தில் மிகுந்த தனிமையை உணர்ந்ததாகச் சொன்னவர்களுக்கு, அப்படி உணராதவர்களைவிட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. இன்னும் பின்னோக்கிச் சென்றால் குழந்தைப் பருவம் வரும். அமெரிக்காவின் சான் டியாகோவில் உடல்பருமனுக்குச் சிகிச்சை அளித்த வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் சிகிச்சையை விட்டு ஓடுவது ஏன் என்று தேடியபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்பதும், பருத்த உடல் அவர்களுக்கு ஒரு கவசமாக இருந்தது என்பதும் தெரியவந்தன. அதிலிருந்து பிறந்து 1998இல் வெளியான ஆய்வில், இளமையில் நான்கோ அதற்கு மேலோ கொடிய அனுபவங்கள் வாய்த்தவர்களுக்கு நீரிழிவு இருப்பதற்கான வாய்ப்பு 1.6 மடங்காக இருந்தது.

இந்தக் கணக்குகளைக் கொண்டு 'கவலைப்பட்டதால்தான் சுகர் வந்தது' என்று சொல்லிவிடுவது, பழைய 'நீரிழிவு ஆளுமை'யை வேறு வாசல் வழியாக உள்ளே விடுவதாகும். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 60 விழுக்காடு கூடுதல் என்றும், நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 15 விழுக்காடு மட்டுமே கூடுதல் என்றும் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கணக்கு சொன்னது உண்மையே. ஆனால் மனம் சோர்ந்தவர் நடக்கமாட்டார், உறங்கமாட்டார், புகைப்பார், கண்டதைச் சாப்பிடுவார் என்பதும், மனநல மருந்துகளில் சில எடையைக் கூட்டும் என்பதும் அந்தக் கணக்குக்குள் கலந்தே இருக்கின்றன. மரபணுக்களை வைத்து 2023இல் சரே பல்கலைக்கழகக் குழு செய்த பகுப்பாய்வில், மனச்சோர்வு நீரிழிவுக்கு இட்டுச்செல்லும் வழியில் 36.5 விழுக்காடு உடல்பருமன் மூலமாகவே செல்வதாகத் தெரிந்தது. அரிசியைக் குறைக்காமல், நடக்காமல், மாத்திரையை நிறுத்திவிட்டு மன அமைதிக்கான வகுப்பில் மட்டும் சேர்பவருக்கு இந்த ஆய்வுகள் எதுவும் துணை வராது.

மருந்துச் சீட்டுக்கு வெளியே

மனத்தைக் கவனித்தால் சர்க்கரை இறங்குமா என்பது தனிக் கேள்வி. டியூக் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு சர்விட் 108 நோயாளிகளைக் கொண்டு நடத்திய சோதனையில், மனஅழுத்தத்தைத் தளர்த்தும் எளிய பயிற்சியைக் குழுவாகப் பெற்றவர்களுக்கு ஓராண்டில் சர்க்கரைச் சராசரி அரைப் புள்ளி அளவு குறைந்தது. நம் ஊருக்கு இதைவிட நெருக்கமான சான்று, சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு நகரங்களின் நீரிழிவு மருத்துவமனைகளில் நடந்து, 2020இல் வெளியான 'இண்டிபெண்டன்ட்' சோதனை. மனச்சோர்வும் கட்டுப்படாத நீரிழிவும் சேர்ந்து இருந்த 404 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை அளிக்கப்பட்டது. மறுபாதியினருக்கு மருத்துவர் அல்லாத ஓர் ஒருங்கிணைப்பாளர் அமர்த்தப்பட்டார். அவர் நோயாளியைத் தொடர்ந்து சந்தித்து, மனநிலையையும் மாத்திரையையும் சேர்த்தே விசாரிப்பார். அவர் கொண்டுவரும் விவரங்களை நீரிழிவு மருத்துவரும் மனநல மருத்துவரும் உட்கார்ந்து பேசிச் சிகிச்சையைத் திருத்துவார்கள். இரண்டு ஆண்டு முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்ததோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் முன்னேறியவர்கள் இந்தக் குழுவில் 71.6 விழுக்காடு, வழக்கமான சிகிச்சைக் குழுவில் 57.4 விழுக்காடு. புதிய மருந்து எதுவும் இதில் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒருவர் தவறாமல் விசாரித்தார், மருத்துவர்கள் அதைக் கேட்டுச் சிகிச்சையைத் திருத்தினார்கள், அவ்வளவுதான்.

அப்படி விசாரிக்கும் ஆள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ஊரைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வெள்ளைச் சட்டை அணிந்த மருத்துவரிடம் சொல்லாததைத் தெருவில் தெரிந்த முகத்திடம் சொல்லும் வாய்ப்பு கூடுதல். பொலோன்ஸ்கியின் 17 கேள்விகளை ஃபிஷரின் குழு 2008இல் இரண்டாகச் சுருக்கியிருக்கிறது: சர்க்கரையோடு வாழ்வது தாங்க முடியாத பாரமாகத் தோன்றுகிறதா, செய்யவேண்டியதையெல்லாம் சரியாகச் செய்யவில்லை என்ற தவிப்பு இருக்கிறதா. விரலில் ஊசி குத்திய துளி, பட்டையில் பரவி எண்ணாக மாறுவதற்குள் கேட்டு முடித்துவிடலாம். கேட்பதில் சிக்கல் இல்லை; மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் அதற்கு உண்மையான விடை சொல்வாளா என்பதும், சொன்னால் அந்த விடையை எடுத்துக்கொண்டு தன்னார்வலர் எந்த மருத்துவரிடம், எந்த நாளில் போகவேண்டும் என்பதும்தான் இன்னும் வகுக்கப்பட வேண்டியவை.